கண்ணாடி அடைத்த பால்கனி

அந்த மாதம் பாய்லர் நின்றது அது மூன்றாவது தடவை. இலின்காவுக்குத் தலை அலசிக்கொண்டிருந்தேன். குழாயில் வந்த வெந்நீர் ஒரு நொடியில் பனித்தண்ணீரானது. குழந்தை வீலென்று கத்தினாள். நுரையோடு துவாலையில் சுருட்டித் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டியின் சின்னத் திரையில் கோளாறைக் காட்டும் எண் மின்னியது: நான்கு. பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுற்றியது, ஏதோ கனைத்தது, நின்றது. மறுபடி நான்கு.

வெளியே மைனஸ் பதினான்கு. எங்கள் சுச்சாவா நகரத்தில் ஜனவரி அப்படித்தான். அறைகளில் இருக்கும் ரேடியேட்டர் எல்லாவற்றுக்கும் சூடு அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் போகிறது. அது நின்றால் இரண்டு மணி நேரத்தில் சுவர் சில்லிட்டுவிடும்.

கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி நுரையைக் கழுவினேன்.

"தலை வலிக்குதுப்பா" என்றாள்.

"சோப்பு."

"சோப்பு இல்ல. காலைலயும் வலிச்சுது."

அவளுக்கு நான்கு வயது. அந்தக் குளிர்காலம் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மழலைப் பள்ளி டீச்சர் கண்ணைக் காட்டச் சொன்னார். சரி என்றேன். காட்டவில்லை. என் மனைவி ஸ்மராந்தா இறந்து பத்து மாதமாகியிருந்தது. யார் எது சொன்னாலும் சரி என்பேன். சொல்லிவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள்.

மாமியாரிடம் மட்டும் அது பலிக்காது. அன்று மாலை போன் செய்தார். எங்கள் பக்கம் மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். நானும் கூப்பிடுகிறேன். சொல்லி முடித்ததும் வாய் கொப்பளிக்கத் தோன்றும்.

"ரேமுஸ், பிள்ள என்ன பண்றா?"

"கோட்டு போட்டுக்கிட்டு டிவி பாக்கறா."

"வீட்டுக்குள்ள கோட்டா? மறுபடியும் நின்னுபோச்சா?"

"நாளைக்கு ஸ்டெலிக்கா வர்றாரும்மா."

"அவன் வந்து காப்பி குடிச்சிட்டுப் போவான். நல்லாக் கேட்டுக்கோ. சனிக்கிழமை வர்றேன். வந்து ரேடியேட்டரத் தொட்டுப் பாப்பேன். சில்லுன்னு இருந்துதுன்னா பிள்ளைய ரதவுட்ஸுக்கு, எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். ஈஸ்டர் வரைக்கும். உனக்கு சமைக்கவும் தெரியல, தலை வாரவும் தெரியல, அட, சூடாவாவது வெச்சிருக்கலாம்ல?"

சரி என்றேன்.

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றேன். வீட்டில் இன்னும் என்னிடம் பேசுகிறவள் இலின்கா ஒருத்திதான். காலையில் சாக்ஸ் எங்கே என்று கேட்பாள். அதைத் தேடுவதற்காகவே எழுந்திருக்கிறேன். அவளும் போய்விட்டால் எதற்காக எழுவது என்று எனக்குத் தெரியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தோளைத் தட்டுவார்கள்.

*

ஸ்டெலிக்கா செவ்வாய்க்கிழமை மதியம் வந்தான். ஐம்பது வயது, பெரிய தொப்பை, பூண்டு வாடை. எங்கள் கட்டடத்தில் பாதி வீட்டுக்கு அவன்தான் பாய்லர் பார்க்கிறான். பூட்ஸைக் கழற்றினான். சாக்ஸில் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் நகம் தெரிந்தது, மஞ்சளாக, ஆட்டுக் குளம்பு மாதிரி. கண்ணை எடுக்க முடியவில்லை.

"தலைவரே, இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. காத்து அழுத்தம் பாக்கற ஸ்விட்ச்சு செத்துப்போச்சு. மாத்திட்டா மான்குட்டி மாதிரி துள்ளும்."

"போன மாசமும் அதைத்தான் மாத்தினீங்க அண்ணே."

"போன மாசம் போட்டது சீனா சரக்கு. இது இத்தாலி."

"போன மாசமும் இத்தாலின்னுதான் சொன்னீங்க."

"சொன்னனா?" முகம் கோணாமல் யோசித்தான். "அப்ப அது போலி இத்தாலி."

மூடியைக் கழற்றினான். உள்ளேயிருந்து ஒரு ரப்பர் குழாயை உருவி வாயில் வைத்து ஊதினான். குழாயிலிருந்து பழுப்பாக ஏதோ சொட்டியது. உதட்டைத் துடைக்கத் துணி தேடி, இலின்காவின் முகம் துடைக்கும் துவாலையை எடுத்தான். முயல் படம் போட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி கொஞ்சம் இறக்கணும். ஏனம் ஏதாவது குடுங்க. பெருசா."

கைக்கு எட்டியது சூப் பானை. கொடுத்தேன். ரேடியேட்டர் தண்ணீர் கரேலென்று இறங்கியது. அடியில் மை மாதிரி வண்டல். சாக்கடை மாதிரி நாறியது. நான் குழந்தைக்கு சூப் வைக்கும் பானை அது. வேறு பாத்திரம் எடுத்துத் தர அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"அண்ணே, பதினாலு வருஷமாச்சு. மாத்திடலாமா?"

கையிலிருந்த திருப்புளியால் என்னைச் சுட்டினான். "உங்க மாமியார மாத்துவீங்களா? சத்தம் போடும், மூக்கால அழும், ஆனா வேலைய முடிக்கும். புதுசா வர்றதெல்லாம் தகர டப்பா தலைவரே. அஞ்சு வருஷம், அப்புறம் கம்பெனிக்காரன் கைய விரிப்பான். இது இரும்பு. இத என்கிட்ட விடுங்க."

"போன வருஷத்துலேருந்து விசிறி மாத்தியாச்சு. போர்டு மாத்தியாச்சு. ஸ்விட்ச்சு மூணு."

"அதத்தான் சொல்றேன். பாதி புதுசாயிருச்சு. இப்பப் போயி தூக்கிப் போடுவாங்களா?"

அவன் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது. புது பாய்லர் என்றால் வரைபடம், விண்ணப்பம், கேஸ் கம்பெனி ஒப்புதல், சுவரில் ஓட்டை. எதையும் முடிவு செய்யாமல் இருக்க எனக்கு ஸ்டெலிக்கா தேவைப்பட்டான்.

காப்பி குடித்தான். சலாமியைத் தடிமனாக வெட்டி ரொட்டியோடு தின்றான். பிறகு பால்கனிக் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி எட்டிப் பார்த்தான். உள்ளே நீல நிறப் பீப்பாய் தெரிந்தது.

"கோஸு இந்த வருஷம் எப்படி?"

"அழுகிப்போச்சு."

"அய்யய்யோ. உப்பு கம்மி."

அக்டோபரில் மாமியார் வந்து ஐம்பது கிலோ முட்டைக்கோஸை அந்தப் பீப்பாயில் உப்புநீரில் போட்டுவிட்டுப் போனார். புளிக்க வேண்டும் என்றால் குளிர் வேண்டும். அதனால்தான் ஊரில் எல்லோரும் பால்கனியில் வைக்கிறார்கள். எங்களுடையது கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே கூழாகிவிட்டது. மேலே வெள்ளைத் தோல் படர்ந்து குமிழி விட்டது. நாற்றம் தாங்காமல் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு திறக்கவில்லை. உப்புநீரை அவ்வப்போது அடியிலிருந்து இறக்கி மேலே ஊற்றாத சோம்பேறி நான் என்று மாமியார் சொன்னார். இருக்கலாம் என்று நினைத்தேன். ஐம்பது கிலோ அழுகல் நான்காம் மாடியில். அதை எப்படி இறக்குவது என்று மூன்று வாரமாக யோசிக்காமல் இருந்தேன்.

பாய்லர் எரிந்தது. ஸ்டெலிக்கா என் முதுகில் தட்டிவிட்டுப் போனான். சட்டையில் அந்தக் கையின் அச்சு இருந்தது.

வியாழன் இரவு மறுபடி நான்கு. வெள்ளி காலை இலின்கா படுக்கையிலேயே வாந்தி எடுத்தாள்.

*

நான் நில அளவை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஒருவர், வேறு ஆளைப் பாருங்களேன் என்று சொல்லி ஓர் எண் கொடுத்தார். அனேதா என்று ஒரு பெண். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய முடி, கையில் ஒரு பெட்டி. காப்பி வேண்டாம் என்றார். பாய்லரைத் திறக்கக்கூட இல்லை.

"புகைக்குழாய் எங்க முடியுது?"

"பால்கனில."

"காட்டுங்க."

"அங்க நாத்தமா இருக்கும்."

"நான் நாத்தத்துலதான் சம்பாதிக்கிறேன். தொறங்க."

திறந்தேன். ஒரு அடி பின்வாங்கினார். "கடவுளே. உள்ள யார் செத்தது?"

"கோஸ்."

இரண்டாவது மூச்சில் உள்ளே போனார். நானும் போனேன். மூன்று வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன். கண்ணாடிகளின் உள்பக்கம் அடியில் பனிக்கட்டி, மேலே மஞ்சள் பிசுக்கு வழிந்த கோடுகள். கூரையில் கருப்புப் பூசணம். கதவுக்கு மேலே சுவரிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து பழுப்புச் சொட்டு, கீழே போட்டிருந்த பிரம்பு நாற்காலியில் விழுந்துகொண்டிருந்தது. நாற்காலியின் மேல் ஸ்மராந்தாவின் போர்வை. அதுவும் பூசணம் பிடித்து, தொட்டால் கையில் வரும்போல இருந்தது.

மைனஸ் பதினொன்று என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அங்கே எனக்கு வியர்த்தது. வரும் வழியில் அனேதா போனில் சொன்னபடி நான் பாய்லரை மறுபடி மூட்டியிருந்தேன்.

பெட்டியிலிருந்து விஷவாயு காட்டும் கையளவு கருவியை எடுத்துக் குழாய் பக்கம் நீட்டினார். கத்த ஆரம்பித்தது. அனேதா கண்ணாடிச் சட்டம் இரண்டை விரியத் திறந்தார். உள்ளே போய் பாய்லரை அணைத்தார். சமையலறை ஜன்னலைத் திறந்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"வீட்ல வேற யாரு?"

"பொண்ணு. பக்கத்து வீட்ல விட்டிருக்கேன். காலைல வாந்தி."

"தலைவலி?"

"ஆமா."

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. புகை விஷம், கார்பன் மோனாக்சைடு, ரத்தத்துல இருக்கான்னு பாக்கணும்னு சொல்லுங்க. அந்த வார்த்தையையே சொல்லுங்க. சளி, காய்ச்சல்னு அவங்க எதையாவது எழுதிருவாங்க."

"சரி."

"இந்தக் கண்ணாடிய யார் அடைச்சது?"

"நான்தான்."

"எப்ப?"

"போன வருஷத்துக்கு முந்தின செப்டம்பர்."

"பாய்லர் மொதமொதல்ல எப்ப நின்னுது?"

"அந்த அக்டோபர்ல."

அவர் பால்கனிக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பால்கனி திறந்திருந்தபோது அந்தக் குழாய் தெருவுக்குப் புகை விட்டது. கண்ணாடி போட்ட பிறகு அந்த அடைப்புக்குள் விட்டது. கோஸ் அழுகியதும் அந்தச் சூட்டில்தான். விட்ட புகையை அதே குழாயின் காற்று இழுக்கும் வெளிவளையம் வழியாகத் திரும்ப இழுத்துக்கொண்டது, மிச்சம் கதவிடுக்கில் வீட்டுக்குள் கசிந்தது. மூச்சு முட்டியபோதெல்லாம் பாய்லர் நான்கு என்று சொன்னது. ஒவ்வொரு தடவையும் நாங்கள் அதன் உறுப்பு ஒன்றை மாற்றினோம்.

"கண்ணாடி போட்டவன் குழாய வெளிய நீட்டணும்னு சொல்லலியா?"

"சொன்னான். கண்ணாடில ஓட்டை போட்டா அசிங்கமா இருக்கும், மேல் சட்டத்த எப்பவும் கொஞ்சம் தொறந்து வெச்சா போதும்னும் சொன்னான்."

"வெச்சீங்களா?"

"ஒரு வாரம். குறுக்குக்காத்து வருதுன்னு சாத்திட்டோம்."

அனேதா மெதுவாகத் தலையை ஆட்டினார். அவருக்கு அது புதிதில்லை. எங்கள் ஊரில் பஸ்ஸில் எதிரெதிர் ஜன்னல் திறந்திருந்தால் அடிதடி வரும். பல்வலி, காதுவலி, மலடு, எல்லாவற்றுக்கும் குறுக்குக்காற்றுதான் காரணம். ஸ்மராந்தாவுக்குப் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த வாரம் மாமியார் ரதவுட்ஸிலிருந்து ஓடி வந்தார். 'இந்தத் தொறந்த பால்கனி என் பிள்ளையக் கொன்னுரும், கண்ணாடி போடு' என்றார். போட்டேன். சிகிச்சைக்குப் பிறகு ஸ்மராந்தா பகல் முழுக்க அந்தப் பிரம்பு நாற்காலியில்தான் இருந்தாள். வெயில் படும். 'இங்க கழுத்துல சூடா ஊதுது, நல்லாருக்கு' என்பாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு ஏதாவது நன்றாயிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். தலைவலிக்கிறது என்றபோது மருந்தினால் என்றார் டாக்டர். மருந்தினாலும் தலைவலிக்கும்.

அனேதா மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். "வாங்க, பாருங்க."

உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் செம்புத் தட்டு பச்சையும் வெள்ளையுமாக அரித்து, பொரிந்த சொறி மாதிரி இருந்தது. விரலால் சுரண்டினார். உதிர்ந்தது.

"ஸ்விட்ச்சு, விசிறி மாத்தறதெல்லாம் தண்டம். தன் புகையத் தானே குடிச்சு உள்ள வெந்துபோச்சு. கண்ணாடி போடாம இருந்திருந்தா இந்தப் பெட்டி இன்னும் அஞ்சு வருஷம் ஓடியிருக்கும். சில பாய்லரப் பாத்தா ஒட்டுப் போடலாம்னு சொல்வேன். இதுக்குச் சொல்ல மாட்டேன். இத நீங்க இனிமே மூட்டக் கூடாது."

"புதுசு போட எத்தன நாள்?"

"பெட்டி நாளைக்கே கிடைக்கும். குழாய் வழி மாறுது, வரைபடம் வேணும், கேஸ் கம்பெனி கையெழுத்து வேணும். நாலு வாரம். அவங்க தூங்கினா ஆறு."

"சனிக்கிழமை சூடா இருக்கணும்."

"எந்தச் சனிக்கிழமை?"

"நாளைக்கு."

சொன்னேன். மாமியார், ரதவுட்ஸ், ஈஸ்டர். மூன்று வாக்கியத்தில். அவர் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"நான் கேஸ் கம்பெனி ஆள் இல்ல சார். குழாய்க்கு சீல் வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. பாத்தத எழுதித் தர்றேன். பாய்லருக்குப் போற கேஸ் வால்வை மூடறது உங்க கைல இருக்கு. எல்லாச் சட்டத்தையும் தொறந்து வெச்சு மூட்டினா நாளைக்கு ஒரு நாள் எரியலாம். ஒரு வாரம்கூட எரியலாம். எரியும்னு எழுதச் சொன்னா எழுத மாட்டேன்."

எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் கேஸ் வால்வை மூடினேன். வீரம் ஒன்றும் இல்லை. அந்தச் செம்பை மறுபடி பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் வார்த்தையைச் சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள். இருந்தது. நான்கு மணி நேரம் முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்து, 'நல்லவேளை சீக்கிரம் வந்தீங்க' என்றார் நர்ஸ். சரி என்றேன். இலின்கா முகமூடி யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். அன்று அவளைப் பக்கத்து வீட்டுக் கட்டிலிலேயே தூங்க வைத்தேன்.

*

சனிக்கிழமை பத்து மணிக்கு வெதூரியா வந்தார். மாமியாரின் பெயர் அது. ஒரு கையில் துண்டு சுற்றிய பாத்திரம், கோஸ் இலையில் சுருட்டிய கறி. இன்னொரு கையின் உள்ளங்கையை, குழந்தையைத் தொடுவதற்கு முன்னால், ரேடியேட்டர் மேல் வைத்தார்.

"பொணம் மாதிரி இருக்கு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.

குழந்தையை முத்தமிட்டார். கன்னத்தில் உதட்டுச் சாயம் ஒட்டியது. இலின்கா துடைத்துக்கொண்டாள். அவளை உள்ளறையில் மின்சார ஹீட்டர் பக்கம் உட்கார வைத்து, கார்ட்டூன் போட்டு, கதவைச் சாத்தினேன். சமையலறையில் இருவரும் கோட்டோடு உட்கார்ந்தோம். அனேதா எழுதிய காகிதத்தை முன்னால் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை.

"நீயே சொல்லு."

சொன்னேன். குழாய், கண்ணாடி, ஆஸ்பத்திரி.

"பிள்ளைக்கு இப்ப?"

"சரியாயிட்டா."

"எத்தன நாளா இப்படி?"

"கண்ணாடி போட்டதுலேருந்து."

அவர் பால்கனிக் கதவைப் பார்த்தார். நாற்காலி தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் சுருங்கியது, புளித்ததை வாயில் போட்ட மாதிரி.

"ஸ்மராந்தா அங்கதான உக்காந்திருப்பா."

"ஆமா."

"அவளுக்குத் தலைவலின்னு..."

"ஆமா."

"அது மருந்துன்னு டாக்டரு சொன்னாரு."

"சொன்னாரு."

"அவளுக்குக் கட்டி இருந்துது, ரேமுஸ். கட்டியாலதான் செத்தா."

"கட்டியாலதான்."

"அப்புறம் இத எதுக்கு என்கிட்ட சொல்ற?" குரல் உயர்ந்தது. "வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்ல? பாய்லர் கெட்டுப்போச்சு, புதுசு வாங்கறேன்னு சொல்லியிருக்கலாம்ல? என் தலைல ஏன் கொட்டற?"

கண்ணாடி போடச் சொன்னது நீங்கள் என்று வாய் வரை வந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது. அளவெடுக்க ஆளைக் கூட்டி வந்தவன் நான். கதவு மணி அடித்தது.

ஸ்டெலிக்கா. நான் கூப்பிடவில்லை. கையில் செய்தித்தாள் சுற்றிய சதுரமான பொருள். பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

"தலைவரே, கட்டடமே பேசுது, எவளோ வந்து பீதியக் கிளப்பிட்டாளாம். வணக்கம்மா. பாருங்க, என்ன கொண்டாந்திருக்கேன்னு." செய்தித்தாளைப் பிரித்தான். செம்புத் தட்டு. பழையதுதான், ஆனால் உருவோடு இருந்தது. இடுக்கில் யாருடைய வீட்டுக் கரியோ ஒட்டியிருந்தது. "ஏழாம் நம்பர் கட்டடத்துல ஒருத்தர் பாய்லரத் தூக்கிப் போட்டாரு. நான் இதைக் கழட்டிட்டேன். ஒரு மணி நேரம். எல்லாரும் கோட்டக் கழட்டிட்டு சட்டையோட உக்காரலாம்."

"ஒரு மணி நேரத்துல எரியுமா?" என்றார் வெதூரியா.

"எரியாம? நான் யாரு?"

"அப்ப கோளாறு பெருசா ஒண்ணுமில்லியா?"

"என்ன கோளாறும்மா? தேஞ்ச சாமான். அந்தப் பொம்பள புது பாய்லர் விக்கிறவ, அப்படித்தான் சொல்லுவா. புகையாம், விஷமாம். இந்த ஊர்ல கண்ணாடி போடாத பால்கனி எது? எல்லாரும் செத்தா போயிட்டாங்க?"

அவர் முகத்தில் சுருக்கம் தளர்வதைப் பார்த்தேன். பதினைந்து நிமிடம் முன்னால் வரை குழந்தையைத் தூக்கிப்போக வந்தவர். இப்போது என் முழங்கையைப் பிடித்தார்.

"போடச் சொல்லு ரேமுஸ். சட்டத்தெல்லாம் தொறந்து வெச்சுக்கலாம். பிள்ள இங்கயே இருக்கட்டும். உன்கூட. நான் தனியா போயிக்கிறேன். ஈஸ்டருக்கு நீங்களே வாங்க."

எனக்கு வேண்டியதும் அதுதான். வாரம் முழுக்க வேண்டியது அது ஒன்றுதான். அந்த அம்மாள் அதை என் மடியில் வைத்தார். அவர் பிடி வலித்தது. பாய்லர் எரிந்தால் பாய்லரில் குற்றமில்லை. பாய்லரில் குற்றமில்லை என்றால் அவர் மகள் வெறும் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பேத்தியைக் கொடுத்து அதை வாங்கப் பார்த்தார்.

என் கதையும் வேறு இல்லை. எரிந்தால் எனக்கும் அப்படித்தான் ஆகும்.

ஸ்டெலிக்கா பெட்டியைத் திறந்து திருப்புளி எடுத்தான்.

"அண்ணே, இருங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ பண்ற பாதுகாப்புச் சோதனைக்கு முத்திரை போட்டீங்கல்ல, போன வருஷத்துக்கு முந்தின நவம்பர்ல. அன்னைக்குப் பால்கனிக்குப் போயி குழாயப் பாத்தீங்களா?"

"நவம்பரா?" யோசித்தான். அவனுக்கு நல்ல ஞாபகம். "இல்ல. நீங்கதான தலைவரே வேண்டாம்னீங்க. உங்க வீட்டம்மா அங்க தூங்கறாங்க, கதவத் தொறந்தா காத்தடிக்கும், எழுப்பாதீங்கன்னு மெதுவா சொன்னீங்க. நானும் மரியாதைக்கு சத்தமில்லாம இங்க உக்காந்து முத்திரையப் போட்டேன்."

மேசையில் அவன் கை வைத்த இடத்தைத் தட்டிக் காட்டினான்.

சொல்லியிருந்தேன். இந்த மேசைதான். அவள் கழுத்து வரை போர்வை போர்த்தித் தூங்கினாள், கன்னம் சிவந்திருந்தது, பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆமா. சொன்னேன்" என்றேன். "சாமான எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணே."

"தலைவரே..."

"போங்க. இது இனிமே எரியாது. நீங்க இனிமே வராதீங்க."

செம்பைச் செய்தித்தாளில் மறுபடி சுற்றினான். வாசலில் நின்று, "இத யார் தலைல கட்டறது இப்ப?" என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். படியில் இறங்கும் சத்தம் மூன்றாம் மாடியில் நின்றது. அங்கே மணி அடித்தான்.

வெதூரியா நாற்காலியில் அப்படியே இருந்தார். கையை மடியில் கோத்திருந்தார். "கல் நெஞ்சுடா உனக்கு" என்றார். நான் உள்ளறைக்குப் போய்ப் பையை எடுத்தேன். கம்பளிச் சட்டை நான்கு, பூட்ஸ், யானைப் பொம்மை. இலின்கா டிவியிலிருந்து திரும்பினாள்.

"எங்க போறோம்?"

"நீ பாட்டி வீட்டுக்கு."

"நீ?"

"பாய்லர் மாத்தணும். நாலு வாரம். சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன்."

"பெட்டிய மாத்த நாலு வாரமா?" என்றாள். "கடைலதான இருக்கு?"

சாக்ஸ் மாட்டிவிட்டேன். ஒரு ஜோடி கிடைக்கவில்லை. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

மினிபஸ் நிலையம் வரை பையை வெதூரியாவே தூக்கி வந்தார். குழந்தையை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, பையைக் காலடியில் தள்ளி, தானும் உட்கார்ந்தார். டிரைவர் எஞ்சினை முடுக்கியதும் என்னைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"அந்தப் பொம்பள நம்பரக் குடு."

"எதுக்கும்மா?"

"எங்க வீட்டு அடுப்புப் புகைபோக்கிய உங்க மாமா போனதுலேருந்து யாரும் பாக்கல. பிள்ள அந்த ரூம்லதான் தூங்கப்போறா. ரதவுட்ஸ் வரைக்கும் வருவாளான்னு கேக்கணும்."

"வருவாங்க. நான் பேசறேன்."

"நீ பேச வேண்டாம். நான் பேசிக்கிறேன்."

அவர் போனை வாங்கி எண்ணைப் போட்டேன். அழைப்புப் பொத்தானை அழுத்தி அவர் காதில் வைத்தேன். மினிபஸ் நகர்ந்தபோது அவர் அனேதாவிடம், இன்றைக்கே வர முடியுமா, இன்றைக்கே, என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இலின்கா கை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து முதலில் போர்வையையும் நாற்காலியையும் கீழே குப்பையில் போட்டேன். பிறகு வாளி வாளியாகக் கோஸை இறக்கினேன். பதினெட்டு நடை. கடைசியில் திருப்புளி எடுத்துக் கண்ணாடிச் சட்டங்களைக் கழற்ற ஆரம்பித்தேன். மஞ்சள் பிசுக்கு விரலில் ஒட்டியது. கழுவ வெந்நீர் இல்லை. கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த திருகைத் தேடினேன்.